கவனிச்சா மட்டும் ஏன் கைக்கு உணர்வு தெரியுது?

தோவாளைக்காரி: எங்க வீட்ல எல்லாரும் பூ கட்டுறவங்க. விடியக்காலம் மார்க்கெட்டுக்கு சரம் கட்டும்போ வாழைநார் விரல்ல அறுக்கிறது தெரியவே மாட்டேங்குது, ஆனா யாராவது "கை வலிக்கலியா மக்கா"ன்னு கேட்ட உடனே சுள்ளுன்னு தெரியும். இது மனசு பண்ற வேலையா இல்ல நரம்புல ஏதும் கோளாறா? பயமா இருக்கு.

குளச்சல்காரன்: கோளாறு ஒண்ணும் இல்ல மக்களே. நான் தூண்டில் போடுறவன். கயிற விரல்ல போட்டுட்டு பேசிட்டே இருந்தா மீன் கொத்துறது தெரியாது, நினப்ப விரல்லயே வச்சா சின்ன இழுப்பும் தெரியும், அது அலையா மீனான்னும் தெரியும்.

பிசியோ_நாகர்கோவில்: ரெண்டு விஷயம் சேர்ந்து நடக்குது. தோலுக்கு அடியில அழுத்தம், அதிர்வு இதெல்லாம் பிடிக்கிற நரம்பு முனைகள் இருக்கு, அதுல சிலது ஏதாவது மாறினா மட்டுந்தான் சிக்னல் அனுப்பும், ஒரே மாதிரி அழுத்திட்டே இருந்தா அமைதியாயிடும், அதான் போட்டிருக்க மோதிரம் தெரியாது. இன்னொண்ணு மூளை. தொடுஉணர்வுக்குன்னு இருக்கிற பகுதியில உள்ள செல்கள் நாம கவனிக்கும்போ வேற மாதிரி வேலை செய்யும், 1993ல குரங்குகள வச்சு செஞ்ச ஆராய்ச்சியிலயே இத பார்த்தாங்க. வலிக்கு 1965ல மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் தண்டுவடத்துல ஒரு கதவு மாதிரி இருக்குன்னு சொன்னாங்க, மூளை மேல இருந்தே அத திறக்கவும் அடைக்கவும் செய்யும். ஆனா கவனிச்சாலும் மரத்தே இருந்தா டாக்டர பாருங்க, சுகர் இருந்தா கண்டிப்பா.

தோவாளைக்காரி: நன்றி அண்ணே. இத வாசிச்ச உடனே மோதிரம் தெரியுது! எனக்கு சுகர் இல்ல, அம்மாக்கு உண்டு, கால்ல கீறினாலும் தெரியலன்னு சொல்லுவா, நாளைக்கே கூட்டிட்டு போறேன்.