திசைவேற்றுமை: ஒரு சொல் முன்மொழிவு

திசைக்குத் திசை இயல்பு மாறும் ஊடகத்துக்கு (ஆங்கிலத்தில் anisotropic medium) தம்பி எழுதிய "பல்லின ஊடகம்" எனக்குச் சரியாகப் படவில்லை. சாதாரண தரப் பிள்ளைகளுக்கே ஏகவினக் கலவை, பல்லினக் கலவை தெரியும். பல்லினம் என்றால் இடத்துக்கு இடம் மாறுவது. நாங்கள் பேசுவது திசைக்குத் திசை மாறுவதை. குவாட்ஸ் பளிங்கு முழுக்க ஏகவினம்தான், ஆனாலும் ஒலியை எந்தப் பக்கமாக அனுப்புகிறோமோ அதைப் பொறுத்து அதன் கதி மாறும். மொறட்டுவைத் தச்சரிடம் கேளுங்கள், நார் ஓடும் பக்கமும் குறுக்கும் ஒன்றா என்று.

தண்ணீர்த் தொட்டியில் செய்யும் அளவீட்டை நினைத்துப் பாருங்கள். நார்கள் எல்லாம் ஒரே பக்கம் ஓடுகிற காபன் நார்த் தகடு, சில மெகாஹேர்ட்ஸ் கழியொலி (ultrasound), சரிவாக விழுகிறது. தண்ணீரில் ஒலியின் கதி செக்கனுக்கு 1500 மீற்றர் அளவு. தகட்டில் நார் வழியே ஏறத்தாழ 9000, குறுக்கே 3000. ஆகவே நெட்டலைக்கான (போகும் திசையிலேயே அதிரும் அலைக்கான) அவதிக் கோணம், அதாவது அதைத் தாண்டிச் சரிந்தால் அந்த அலை தகட்டுக்குள் புகாத கோணம், நார் வழியே கிட்டத்தட்ட 10 பாகை, குறுக்கே 30 பாகை. அப்புறம் படுகோணத்தை 15 பாகையில் வைத்துத் தகட்டை அதன் தளத்திலேயே மெல்லச் சுழற்றினால், திரையில் தெறிப்பலையின் (தகட்டில் பட்டுத் திரும்பும் அலையின்) வீச்சம் கூடிக் குறைகிறது. அந்த இடத்தில் அலுமினியத் தகட்டை வைத்துச் சுழற்றுங்கள், அசைவே இல்லை. இன்னொன்று, ஒலியை நேர்குத்தாக விழுத்தினால் காபன் தகட்டைச் சுழற்றினாலும் தெறிப்பு மாறாது, ஏனென்றால் தகட்டுக்குள் போகிற திசை மாறவில்லை. இதைவிட வேறு என்ன சான்று வேண்டும், சொல்லில் "திசை" இருந்தே ஆகவேண்டும் என்பதற்கு?

அதனால் என் முன்மொழிவு திசைவேற்றுமை, அதன் எதிர்ச்சொல் திசையொருமை. "சமதிசை"யும் யோசித்தேன், ஆனால் அது ஒரே திசையில் போவது என்று காதில் விழுகிறது. வேற்றுமை இலக்கணச் சொல்லாயிற்றே என்று அக்கா கேட்டது நியாயம்தான். திசையோடு ஒட்டி வரும்போது ஐ, ஆல், கு யாருக்கும் நினைவு வராது என்று நம்புகிறேன்.

reflection என்பதற்கு நாங்கள் எழுதும் "தெறிப்பு" என்ற சொல்லை மாற்ற வேண்டாம். சென்னை நண்பர் சொல்லும் எதிரொலிப்பு நல்ல தமிழ்தான், ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு எதிரொலி என்றால் திரும்பிக் கேட்கும் சத்தம், இங்கே கணக்கில் வருவது கோணமும் வீச்சமும்.

வெள்ளவத்தையில் நான் எடுக்கும் வகுப்புக்கு அடுத்த செய்முறைத் தாளின் தலைப்பு "திசைவேற்றுமைத் திரவியத்தில் கழியொலித் தெறிப்பு". வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, மறுப்பு இருந்தால் அதற்கு முதல் எழுதுங்கள்.