கோல்ஃப் ஆடும் அப்பாவுக்கு என்ன வாங்குவது?

அடுத்த மாதம் அப்பாவுக்கு 65 வயது நிறைகிறது. சென்னை நந்தனம் மைதானத்தில் வாரம் தவறாமல் கோல்ஃப் ஆடுகிறவர். வலது கை, ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறையத் திறமை அதிகம்) 22. பரிசாக எதைக் கொடுத்தாலும் அலமாரிக்குள் போய்விடுகிறது.

பெயர் பொறித்த பந்துகள் கொடுத்தேன், தொலைந்துவிடுமாம், வெளியே எடுப்பதே இல்லை. குடை ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. தோல் கையுறையை மட்டும் ஆசையாகப் போட்டுக்கொண்டார். ஆனால் நம் ஊர் வியர்வையில் சீக்கிரமே விறைத்துப்போனது. புதிய மட்டை வாங்கவும் வழியில்லை. விதி அனுமதிக்கும் 14-உம் பையில் இருக்கின்றன, ஒன்றைக்கூட மாற்ற விடமாட்டார்.

போன வருடத்திலிருந்து விரல் மூட்டுகளில் வலி. அயர்ன் எனப்படும் தட்டைத் தலை மட்டைகளின் ரப்பர் பிடி தேய்ந்து வழவழப்பாகிவிட்டதால் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். அவற்றுக்குச் சற்றுத் தடித்த மிட்சைஸ் பிடிகளைப் போட்டுத் தரலாம் என்பது என் எண்ணம். தம்பியோ லேசர் தூரமானி வாங்கச் சொல்கிறான். கேடி (மட்டைப் பையைச் சுமந்து கூட வரும் உதவியாளர்) சொல்லும் தூரத்தையே வேதவாக்காக நம்புகிறவருக்கு அது எதற்கு? செலவு 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

மூட்டு வலியோடு ஆடுகிறவர்கள் தடித்த பிடிக்கு மாறியபின் வலி உண்மையில் குறைந்ததா?