ஊதாப் புரதத்தில் தகவல் சேமிப்பு: வராமலே போனது ஏன்?

ஊதாச்சவ்வு:
புரதம் என்றாலே கெட்டுப்போகும் சரக்கு என்று முந்தைய இழையில் ஒருவர் எழுதியிருந்தார். தலைப்பிலுள்ள ஊதாப் புரதமான பாக்டீரியோரோடாப்சின் அப்படியில்லை. கடும் உப்புநீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரின் சவ்வில் 1971இல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கனியசும் கண்டறிந்தது, சவ்வுக்குள் படிகம்போல் அடுக்கிக் கிடப்பதால் 80 டிகிரி சூட்டையும் தாங்கும். ஒளி பட்டால் ஊதாவிலிருந்து மஞ்சளாகிறது. இரண்டு நிறம், 0, 1. வேறென்ன வேண்டும்?

சிலிக்கன்தாசன்:
அந்த மஞ்சள் எத்தனை நேரம் நிற்கிறது, அதைச் சொல்லுங்கள். சில மில்லிநொடியில் பழையபடி ஊதா. இதுவா சேமிப்பு?

ஊதாச்சவ்வு:
அதற்குத்தான் அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் பிர்ஜ், புரதம் வழக்கமாக நிறம் மாறித் திரும்பும் சுழற்சியிலிருந்து பிரியும் ஒரு கிளைப்பாதையைப் பிடித்தார். பச்சை ஒளியால் சுழற்சியைத் தொடங்கிவிட்டு, அதன் இடைநிலைகளில் ஒன்றான ஓ நிலைக்கு வந்ததும் சிவப்பு ஒளியை அடித்தால் கிளைப்பாதையின் பி நிலை, அப்புறம் கியூ நிலை. கியூ நிலை ஆண்டுக்கணக்கில் நிற்கும், அழிக்க நீல ஒளி போதும். பச்சை ஒளியை ஒரு தளத்தில் மட்டும் பாய்ச்சினால் அந்தத் தளம் மட்டும்தான் விழிக்கும், ஆக ஒரு கனசதுரத்துக்குள் பக்கம் பக்கமாக எழுதலாம்.

சிலிக்கன்தாசன்:
ஓ நிலை வரவே மில்லிநொடிகள் காத்திருக்க வேண்டும். முதல் படி பிகோநொடியில் முடிகிறது என்று பெருமையடிப்பவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை. தவிர ஒளிப்புள்ளியை அலைநீளத்தின் பாதிக்குக் கீழே சுருக்குவது லேசான காரியமில்லை, இந்தப் புரதம் அதிகம் உறிஞ்சும் 570 நானோமீட்டர் அலைநீள ஒளியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஃபிளாஷ் நினைவகம் 200 அடுக்கைத் தாண்டிவிட்டது.

ஊதாச்சவ்வு:
ஒரு பிட்டுக்காகக் காத்திருந்தால் அது தாமதம்தான், முழுப் பக்கத்தையும் ஒரே வீச்சில் எழுதும்போது கணக்கே வேறு. புள்ளி அளவு விஷயத்தில், சரி, பதில் இல்லை.

குவார்ட்ஸ்குப்பி:
இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். நான் இந்தச் சவ்வைக் கையாண்டிருக்கிறேன், சூடெல்லாம் பிரச்சினையே இல்லை. இந்தப் புரதம் சவ்வுக்கு வெளியே புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) இறைக்கப் பிறந்தது, கிளைப்பாதைக்குத் திரும்புவது அரிதிலும் அரிது, ஒளியில் பெரும்பகுதி வீண். மரபணுவை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். புரதச் சங்கிலியின் 96ஆம் இடத்து அமினோ அமிலமான அஸ்பார்டிக் அமிலத்தை அஸ்பராஜினாக மாற்றியதும் மஞ்சள் நிலையின் ஆயுள் பல மடங்கு நீண்டது, ஹாலோகிராம் படலங்களுக்கு அது நன்றாகவே உதவியது. கியூ நிலையை அப்படி வசப்படுத்துவதற்குள் வன்தட்டுகள் எங்கோ போய்விட்டன.

சிலிக்கன்தாசன்:
நான் சொன்னதைத்தானே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்!

குவார்ட்ஸ்குப்பி:
பாதிதான். பிர்ஜே பிறகு இதே புரதத்தைச் செயற்கை விழித்திரைப் பக்கம் கொண்டுபோனார். அங்கே ஒளி பட்டதும் அயனியைத் தள்ளினால் போதும், எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை.

ஊதாச்சவ்வு:
அந்த மரபணு மாற்றத்தில் மஞ்சள் நிலை எத்தனை நொடி நின்றது? உங்கள் படலத்தில் அளந்தீர்களா?