வழிதவறும் கடலாமைக் குஞ்சுகள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் தங்கியிருக்கும் கடற்கரையில் நேற்றிரவு ஆமைக் குஞ்சுகள் மணலைவிட்டு வெளியே வந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. கண்ணோரம் மணல் ஒட்டியபடி துடுப்புகளை மாறிமாறி உந்தி, பல குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு விடுதி விளக்குகளை நோக்கிப் போயின. வெளிச்சமாகத் தெரியும் பக்கம்தான் கடல் என்று அவை போகும். விளக்கை அணைக்கவைத்த பிறகே பெரும்பாலானவை திரும்பின.

நன்றாக நகரும் குஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய் நீரில் விடக்கூடாது, தானே ஊர்ந்து போகவேண்டும் என்பது தெரியும். சோர்ந்து கிடப்பவற்றை என்ன செய்வது? வாளித் தண்ணீரில் போடலாம் என்றார் ஒருவர். நீந்தியே களைத்துவிடுமே என்று தடுத்துவிட்டேன். ஈரமணல் பரப்பிய பெட்டியில் இருட்டாக வைத்து, வனவிலங்கு அலுவலர்கள் வரும்வரை காத்திருப்பது சரியா? பகலில் பொரித்து வந்தால், காக்கை, நாய்களிடமிருந்து எப்படிக் காப்பது?

பக்கத்தில் இன்னொரு இடத்திலும் மணல் லேசாகக் குழிந்திருக்கிறது, எந்த நேரமும் வெளிவரலாம். அதனால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அப்புறம், முழுவதும் அணைக்க முடியாத விளக்குகளுக்குச் சிவப்பு பல்பு மாற்றினால் போதுமா, கடல்பக்கம் மறைப்பும் போடவேண்டுமா?