கிப்பெட் = பிணக்கூண்டு?

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, பழைய இங்கிலாந்துத் தண்டனைகள் பற்றிய கட்டுரையில் 'கிப்பெட்' (gibbet, தூக்கிலிட்டவரின் உடலைத் தொங்கவிடும் இரும்புக் கூண்டு) வரும் இடமெல்லாம் 'தூக்குமரம்' என்றே போட்டிருக்கிறோம். அங்கேதான் உயிர் போனது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். 'கழுமரம்' என்று மாற்றலாமா? நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

காரைக்குடியிலிருந்து:

தம்பி, கழுமரமும் சரிவராது. கழுவில் ஏற்றுவது உயிரோடு. கிப்பெட்டில் தொங்குவது பிணம். முதலில் தூக்கிலிட்டுக் கொன்றுவிடுவார்கள். பிறகு கொல்லர் இரும்புப் பட்டைகளை உடலுக்குத் தக்கபடி வளைத்து, தலை, மார்பு, கால் என்று சுற்றி முடுக்குவார். சீக்கிரம் சிதையாமலிருக்கச் சில உடல்களுக்குத் தார் பூசியதும் உண்டு. கம்பம் 30 அடிக்கு மேலும் போகும். வேண்டியவர்கள் இரவோடிரவாக ஏறி, உடலை இறக்கி அடக்கம் செய்துவிடக் கூடாதென்று கம்பத்தில் ஆணிகளை அறைந்து வைத்தார்கள். அடக்கம் மறுக்கப்படுவதுதான் இதில் தண்டனையே. 1752இல் நடப்புக்கு வந்த சட்டம் கொலையாளியின் உடலை அறுத்துப் பார்க்க மருத்துவர்களிடம் கொடு, அல்லது சங்கிலியில் தொங்கவிடு என்றது, புதைக்க விடவில்லை.

மக்கள் மனம் மாறியதும் இங்கேதான் தெரிகிறது. 1832 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கொலையாளி ஜேம்ஸ் குக்கின் உடலை 33 அடிக் கம்பத்தில் தொங்கவிட்டபோது ஆயிரக்கணக்கானோர் பார்க்கத் திரண்டார்கள். ஆனால் எதிர்ப்பும் கிளம்பி, சில நாளிலேயே இறக்க உத்தரவு வந்தது. 1834இல் வழக்கமே ஒழிந்தது. பலர் பார்க்கத் தூக்கிலிடுவதோ 1868 வரை நீடித்தது. கொல்வதைப் பார்க்கச் சம்மதித்த சமூகம், பிணத்தைத் தொங்கவிடுவதை 34 ஆண்டு முன்பே கைவிட்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் கட்டுரையின் உயிரான இந்த இடைவெளி மறைந்துபோகும்.

ஆகவே கருவிக்குப் 'பிணக்கூண்டு', செயலுக்குப் 'பிணக்கூண்டிலிடல்' என்று வைப்போம். 'கூண்டேற்றல்' வேண்டாம், நீதிமன்றக் கூண்டுதான் நினைவுக்கு வரும். 'தூக்குமரம்' தன் பொருளிலேயே இருக்கட்டும். 1801 அக்டோபர் 24 அன்று நம் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதை எழுத அந்தச் சொல் கலங்காமல் இருக்க வேண்டும்.

கட்டுரையில் பிணக்கூண்டு முதன்முதல் வரும் வரியில் மட்டும் 'தூக்கிலிட்ட பின்' என்று சேர்த்துவிடு. 'சங்கிலியில் தூக்கிலிட்டனர்' என்று இருக்கும் வரிகளையும் திருத்து. சங்கிலி யாரையும் கொல்லவில்லை.