மறு: உண்ணியோட உமிழ்புரதம் மாறுறதுக்கு ஒரு சொல்

> "உமிழ்நீர்ப் புரத மாற்றம்"னு போட்டா போதாதா? எதுக்குப் புதுசா ஒரு சொல்?

போதாதுங்க ஐயா, ரெண்டு வேற சங்கதிய ஒண்ணாக் கட்டுறோம். உண்ணி ரத்தம் குடிக்க ஆரம்பிச்சதும் அதோட உமிழ்நீர்ச் சுரப்பி பல மடங்கு பெருக்குது, மொதல்ல சிமெண்ட் மாதிரி இறுகுற புரதத்தை விட்டு வாயைத் தோல்ல ஒட்ட வச்சுக்குது, அப்புறம் ரத்தம் உறையாம இருக்க, கடிச்ச எடத்துல அரிப்பும் வீக்கமும் உண்டாக்குற ஹிஸ்டமினைப் பிடிச்சு வைக்க, குடிச்ச ரத்தத்துல கூடுதலா இருக்குற தண்ணிய வந்த வழியே திருப்பித் துப்பன்னு வேலை கூடிக்கிட்டே போகுது, வயிறு நெறஞ்சு கழண்டு விழுந்த சில நாள்ல சுரப்பியே சிதைஞ்சுடுது. இதுக்கு மாற்றம்னே சொல்லிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல. (எச்சில் வேணாம், உமிழ்தான் வேணும்னு நான் நிக்கிறதும் இதனாலதான். ஒரே குழாய்ல உறிஞ்சுறதும் துப்புறதும் மாறி மாறி நடக்குது.)

நான் பேர் கேக்குறது வேற ஒண்ணுக்கு. வேலை அதேதான், ஆள் மட்டும் வேற. ஒரே குடும்பத்துப் புரதங்கள்ல ஒண்ணு ரெண்டாம் நாள் சுரக்குது, நாலஞ்சு நாள் ஆனா அது அடங்கி அதோட பங்காளி ஒண்ணு வந்து அதே வேலையப் பாக்குது. கெட்டி ஓடு இருக்குற வகையில பெண் உண்ணி ஒரு வாரம், சமயத்துல பத்து நாள்கூட ஒரே எடத்துல ஒட்டிக் கெடக்கும், நம்ம உடம்பு ஒரு புரதத்தை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செஞ்சு முடிக்கவும் கிட்டத்தட்ட அவ்ளோ நாள் ஆகும், செஞ்சு அனுப்புறப்ப இங்க ஆள் மாறியாச்சு. பொதுவா சொல்ற விளக்கம் இதுதான். ஓடு இல்லாத மெத்து உண்ணி கொஞ்ச நேரத்துல குடிச்சுட்டு எறங்கிடும், அதுக்கு இந்த வித்தை அவ்வளவா தேவைப்படாது. ("ஓட்டுண்ணி"ன்னு எழுதிடாதீங்க, எல்லாரும் ஒட்டுண்ணின்னு படிப்பாங்க.)

> உமிழ்மாறாட்டம்?

காதுக்கு நல்லா இருக்கு, ஆனா ஆள்மாறாட்டம்னா ஒருத்தன் இன்னொருத்தன் பேர்ல வர்றது. இங்க யாரும் யாரு பேர்லயும் வரல, புது மூஞ்சியா இருக்குறதுதானே உபாயமே.

> உமிழ்புரதச் சுழற்சி?

சுழற்சின்னா மொதல் ஆள் திரும்ப வரணும், அப்படி வந்தாகணும்னு இங்க இல்லையே.

என் பரிந்துரை: உமிழ்புரத அணிமாற்று. ஒரு அணி போய் இன்னொரு அணி எறங்குது, அணின்னா உடுத்துறதும்தான், அதனால உடை மாத்தி ஏமாத்துறதும் உள்ள வந்துடுது.

---

அண்ணே, அணி மாறுறதுன்னா கட்சி தாவுறதுன்னுல்ல மொதல்ல தோணுது?

---

மாறுறது வேற தம்பி, மாத்துறது வேற. தாவுறவன் தானா மாறுறான், இங்க உண்ணி மாத்துது, அதுக்குத்தான் அந்த "ற்று". ஆனா "அணிமாற்றம்"னு எழுதினா நீங்க சொல்றது நடக்கும், அதனால மகரம் சேக்காம விட்டுடுவோம். சுரப்புல வர்ற புரதம் மொத்தத்துக்கும் உமிழ்புரதத்தொகை போதுமா இல்ல தொகுதியா, அதையும் யாராச்சும் சொல்லுங்க.