இழை: ‘ஸ்கேவஞ்சர் ஹண்ட்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

போர்ட் லூயி (மொரிஷியஸ்), திங்கள் காலை

வணக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கூடவே வழிகாட்டி யாரும் வரமாட்டார். போனில் ஒரு குறிப்பு வரும். அது சொல்லும் இடத்துக்குப் போய் நின்றால் ஜிபிஎஸ் கண்டுகொண்டு கேள்வி கேட்கும். பதில் சரியென்றால் அடுத்த குறிப்பு திறக்கும். சந்தையில் தொடங்கி, அந்நாளில் ஒப்பந்தக் கூலிகள் கப்பலில் வந்திறங்கிய ஆப்ரவாசி காட்டில் அந்த 16 படிகளை எண்ணி, புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847-ஆம் ஆண்டு அஞ்சல்தலைகளோடு முடிகிறது. இந்த விளையாட்டுக்கு என்ன பெயர்? இணைய மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன், ‘துப்புரவு வேட்டை’ என்று வந்தது. பிள்ளைகளைக் குப்பை பொறுக்கவா அனுப்புகிறேன்? வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

கியூர்பிப், திங்கள்

புதையல் வேட்டை. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்கு அலைச்சல்? அப்புறம், ‘காட்டில்’ என்று எழுதாதீர்கள் டீச்சர், வனம் ஆகிவிடும். ‘படித்துறையில்’ என்று வையுங்கள்.

போர்ட் லூயி, திங்கள்

படித்துறை சரி. ஆனால் கடைசியில் புதையல் எதுவும் இல்லையே ஐயா, ஒரு போட்டோவும் கைதட்டலும்தான். போன வருஷம் புதையல் என்று சொல்லிக் கூட்டிப்போனதில் ஒரு பையன் சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

காத்ர போர்ன், செவ்வாய்

துப்புரவைச் சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம். “துப்புர வில்லார் துவரத் துறவாமை” என்னும் குறளில் துப்புரவு குப்பை அள்ளுவதா என்ன? நுகரும் பொருள். துப்பு என்றால் உணவு, வலிமை, பவளம், தடயம். “துப்பார்க்குத் துப்பாய” தெரியாதவர் இந்தக் குழுவில் இல்லை. துப்புரவாளர் என்று பொருள்படும் ‘ஸ்கேவஞ்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதையும் இதைப் போலத்தான். வெளியூர் வணிகர் சரக்கின்மேல் லண்டனில் வரி தண்டியவருக்குத்தான் முதலில் அந்தப் பெயர். தெருவைச் சுத்தமாக வைக்கும் பொறுப்பு பிறகே அவர் தலையில் விழுந்தது. வரி என்றதும் சுங்கம் தவிர்த்த குலோத்துங்கன் நினைவுக்கு வருகிறான், அதைத் தனி மடலில் எழுதுகிறேன். என் பரிந்துரை: துப்புத்தேட்டம். தேட்டம் என்பது தேடுவதையும் குறிக்கும், தேடிச் சேர்த்ததையும் குறிக்கும்.

ரோஸ் ஹில், செவ்வாய் இரவு

குலோத்துங்கன் வந்துவிட்டான், இனி இந்த இழை கரையேறாது. பொத்தானில் பத்து எழுத்துக்குத்தான் இடம். வீட்டில் கிரியோல் பேசிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் மட்டும் தமிழைப் பார்க்கிற பிள்ளைக்குத் ‘தேட்டம்’ எப்படிப் புரியும்? புதையல் வேட்டைக்கு அவர்கள் வாயில் வருகிற கிரியோல் சொல்லான ‘லாசாஸ் த்ரெசோர்’ என்பதையே தமிழ் எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

காத்ர போர்ன், செவ்வாய் இரவு

1998-ல் புது ரூபாய் நோட்டில் தமிழ் வரியை ஒரு படி கீழே இறக்கியபோது எதற்காகக் கொதித்தோம் தம்பி? அந்த நோட்டையே திரும்பப் பெற வைத்தோம். இப்போதைய நோட்டில் தமிழ் எண்கூட இருக்கிறது, பையிலிருந்து எடுத்துப் பாரும். அவ்வளவும் செய்துவிட்டு இப்போது நாமே ‘லாசாஸ்’ என்று எழுதுவதா?

ரியூனியன், புதன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் தீவில் பிரெஞ்சில் இதை ‘ஜெ த பிஸ்த்’ என்பார்கள். பிஸ்த் என்றால் தடம். ‘தடம் தேடல்’ ஆகுமா?

மோக்கா, புதன்

பரிசில் பெற்ற பாணன், எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. இங்கே கைபேசிதான் அந்தப் பாணன். நகராற்றுப்படை!

ரோஸ் ஹில், புதன்

பத்துப்பாட்டில் ஐந்து இருப்பது போதும் அம்மா.

காத்ர போர்ன், புதன்

தடம் தேடல் சேர்ந்தால் தடந்தேடல். ஆனால் “தடவும் கயவும் நளியும் பெருமை” என்கிறது தொல்காப்பியம். தடந்தோள் அகன்ற தோள் என்றால் தடந்தேடல் பெரிய தேடல் ஆகிவிடாதா? தடத்தைத் தேடுதல் என்று விரித்தால் தடத்தேடல். அது வாயில் நுழையாது. துப்புத்தேட்டத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

போர்ட் லூயி, வியாழன்

இன்று வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். ‘துப்பு’ என்று சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சில் ஒருவன் ஜன்னல் வழியாகத் துப்பிக் காட்டினான். அடுத்தவன் அவனைவிடத் தூரமாகத் துப்பினான். ‘தேட்டம்’ என்றேன். “தோட்டமா மிஸ்?” ‘தடம்’ என்றதற்குச் சத்தமே இல்லை. ‘தேடு’ என்றதும் பாதிப் பேர் புத்தகப் பைக்குள் கையை விட்டார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி, “தேடிப் பார், மிஸ்” என்றாள்.

ரோஸ் ஹில், வியாழன்

தேடிப் பார்! தேடவும் வேண்டும், ஊரைப் பார்க்கவும் வேண்டும். பொத்தானிலும் அடங்குகிறது.

மோக்கா, வியாழன்

அது ஏவல் ஆயிற்றே. கலைச்சொல் என்றால் பெயராக இருக்க வேண்டாமா? ‘நேற்று இரண்டு தேடிப்பார்கள் முடித்தேன்’ என்றா எழுதுவது?

கியூர்பிப், வியாழன்

புதையல் வேட்டை என்று திங்கட்கிழமையே சொன்னேன்.

போர்ட் லூயி, வெள்ளி காலை

அனுப்பிவிட்டேன். பொத்தானில் ‘தேடிப் பார்’. ஆசிரியர் கையேட்டில் ‘தடம் தேடல்’, இரண்டு சொல்லாகப் பிரித்தே வைத்திருக்கிறேன். இரவு பத்து மணிக்குமேல் யாரும் எதிர்க்கவில்லை, களைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். எல்லாருக்கும் நன்றி.

காத்ர போர்ன், வெள்ளி

நான் எட்டு மணிக்கே படுத்துவிடுவேன் என்பது குழுவுக்குத் தெரியும். எனக்கு ஒப்புதல் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். செயலியையும் திறந்து பார்த்தேன். மூன்றாம் குறிப்பில் ‘படிகட்டு’ என்று இருக்கிறது. படிக்கட்டு. நடுவில் ஒரு ‘க்’ வேண்டும்.